ஆலை வாசலில் தோற்றவன்

எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கரும்பு வண்டிகளின் வரிசை மூன்று நாள் நீளம் இருந்தது. திங்கட்கிழமை வந்து நின்ற வண்டி வியாழக்கிழமைதான் எடைமேடையில் ஏறும், அதற்குள் கரும்பு காயும், மாடு இளைக்கும், வண்டிக்காரருக்குத் தாடி வளரும், வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது, நகரும்போது எழுந்து ஓடாவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திக்கொள்வான். ஆகையால் வண்டிகள் காத்து நிற்கும் அந்த யார்டில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டம் எதுவும் நிலைக்கவில்லை. நிலைத்தது உள்ளே வெளியே மட்டும்தான். அதற்கு இரண்டு பேர் போதும். ஒருவன் ஒரு சீட்டின் பெயரைச் சொல்லி உள்ளே என்றோ வெளியே என்றோ சொல்வான். மற்றவன் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் தன் பக்கம் உள்ளே போடுவான், அடுத்ததை எதிராளியின் பக்கம் வெளியே போடுவான், இப்படி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போகையில் சொன்ன சீட்டு சொன்ன பக்கத்தில் விழுந்தால் சொன்னவனுக்கு ஜெயம், மறுபக்கம் விழுந்தால் போட்டவனுக்கு. ஒரு பீடி பற்றி அணைவதற்குள் மூன்று ஆட்டம் முடிந்துவிடும். சீட்டுச் சொல்வது வண்டிக்காரர், போடுவது கரும்பு ஏற்றும் கூலியாள். அதுதான் வழக்கம், ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நான் அந்த ஆலையில் எடை எழுத்தராக இருந்தேன். எடைமேடை ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு யார்டு முழுவதும் தெரியும் என்பதால் முதல் நாள் நடந்ததை நானே பார்த்தேன். மாசி மாதம். வையாபுரி என்ற வண்டிக்காரரும் அவருக்குக் கரும்பு ஏற்றும் தீர்த்தமலையும் வண்டி நிழலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தமலை மேற்கே மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்தவன், இருபத்தைந்து வயதிருக்கும், பேச்சு குறைவு, உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. அவனிடமிருந்த பீடியெல்லாம் வையாபுரியின் மடிக்குப் போய்விட்டிருந்தது. வையாபுரிக்குப் பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி பழுத்து, நுனி மஞ்சளாகி, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"வெக்கிறதுக்கு வேற என்னடா இருக்கு உங்கிட்ட?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப நான் என் கட்டிய வெக்கிறேன். ஜெயிச்சா நீ எடுத்துக்கணும். ராணி, உள்ளே. போடு."

ஏழாவது சீட்டு ராணி, உள்ளே விழுந்தது. வையாபுரி சிரித்துக்கொண்டே பிடரிக்குக் கையைக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை. தீர்த்தமலை தன் பிடரியைத் தொட்டுப் பார்த்து, "வந்துடுச்சுங்க" என்றான். அதற்குள் வரிசை நகர்ந்தது. இரண்டு பேரும் எழுந்து போய் வண்டியைத் தள்ளினார்கள்.

அது எப்படி நடந்தது என்று எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. படர்தாமரைக்கு ஆகுமா என்று கேட்டார்கள். மூலத்துக்கு ஆகுமா, உள்மூலத்துக்குமா என்று கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் யார்டு முழுக்க அதே ஆட்டமாகி, கண்கட்டி வைத்து ஆடினார்கள், கால் ஆணி வைத்து ஆடினார்கள், ஆனால் மற்றக் கூலியாட்களோடு ஆடுவதில் ஒரு தொல்லை இருந்தது, அவர்கள் சில சமயம் ஜெயித்தார்கள். போட்டவன் ஜெயித்தால் அவனுடையது சொன்னவருக்கு வந்துவிடும். தேமலைக் கொடுக்கப் போய்ச் சொறியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஒருவர் மூன்று நாள் வாசலிலேயே படுத்திருந்தார், மனைவி உள்ளே விடவில்லை. தீர்த்தமலை மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தான். பீடிக்கு ஆடினாலும் தோற்றான், சீழுக்கு ஆடினாலும் தோற்றான். இப்படி ஒருவன் நம் யார்டுக்கென்று கிடைத்திருக்கிறானே என்று ஊர் சந்தோஷப்பட்டது.

கரும்பு விவசாயிகள் சங்கம் கூடி, தீர்த்தமலையோடு ஆட டோக்கன் கொடுப்பதென்று தீர்மானம் போட்டது. சங்கத் தலைவர் ஞானவடிவேல், வெள்ளை வேட்டிக்காரர், வலது கண்ணில் ஓயாமல் பீளை வடிந்துகொண்டிருந்தவர், அவர்தான் முதல் டோக்கன் வாங்கினார். முகத்தில் இருப்பதைக் காலையிலும் இடுப்புக்குக் கீழே இருப்பதை மதியத்துக்கு மேலும் ஆடிக்கொள்ள வேண்டும், மனைவிக்காகப் புருஷன் ஆடலாம், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்காகத் தகப்பன் ஆடலாம், ஆனால் புருஷனுக்காக மனைவி வந்து ஆடுவது ஆலையின் கௌரவத்துக்கு நல்லதல்ல என்று எழுதினார்கள். அதை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். தலைமை ஆசிரியர் வந்து தன் வாய் நாற்றத்தைக் கொடுத்துவிட்டுப் போனார், மறுநாள் முன்வரிசைப் பிள்ளைகள் முதல் முறையாக மூக்கைப் பிடிக்காமல் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர் களிம்பு டப்பாக்களை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு முன்னால் வளையல் தொங்கவிட்டார். அந்த ஊர்ப் பெண்களுக்கு முகத்தில் ஒரு பரு கிடையாதாம் என்று தூரத்து ஊர்களிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறி வந்தார்கள்.

இவ்வளவையும் வாங்கிக்கொண்டு தீர்த்தமலை என்ன ஆனான் என்பதை நான் ஜன்னலிலிருந்து நாள்தோறும் பார்த்தேன். ஒரு மாதத்தில் அவனுக்கு முதுகில் சாய இடம் இல்லை. இரண்டாம் மாதத்தில் உட்கார இடம் இல்லை, குத்தவைத்தபடியே சீட்டுப் போட்டான். விரலிடுக்கெல்லாம் சொறி வெடித்து, சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்துப் போடும்போது சப்தம் கேட்டது. கேண்டீன் பக்கம் நாறுகிறது என்று அவனைக் கழிவுப்பாகுக் குழி ஓரத்துக்கு மாற்றினார்கள். அழுகிய வெல்லப்பாகும் புளித்த சக்கையும் நுரைத்துக் கிடக்கும் அந்த இடத்தில் ஒரு நாற்றம் இன்னொரு நாற்றத்தை மறைத்துவிடும் என்பது தலைவரின் யோசனை. கேண்டீன் கிளாசில் டீ கொடுக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியர் சொன்னார், அன்றிலிருந்து கொட்டாங்குச்சி. ஆட வருகிறவர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆறடி தள்ளி நின்று, அவன் போட்ட சீட்டைக் கரும்புக் கழியால் திருப்பிப் பார்த்தார்கள். "கிட்ட வராதடா, ஒட்டிக்கப்போவுது" என்று தன் சொந்தக் கட்டியைப் பார்த்து வையாபுரி சொன்னதை என் காதால் கேட்டேன். அவன் மேல் இருந்த சீழில் ஒரு சொட்டுகூட அவனுடையது அல்ல. அத்தனையும் எங்களுடையது. இருந்தும் நாங்கள் அவனைப் பார்த்துத்தான் துப்பினோம்.

"முடியலன்னா முடியலன்னு சொல்லேன்டா" என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

"சொன்னா ஏத்தறதுக்கு வண்டி தர மாட்டாங்கய்யா. மலைக்கு என்னத்த எடுத்துட்டுப் போறது?"

நான் ஜன்னலுக்குத் திரும்பிப் போய்விட்டேன். எனக்கும் அவனிடம் ஒரு காரியம் இருந்தது, அதைக் கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி நவநீதத்துக்கு இடது காதில் சிறு வயதிலிருந்தே சீழ் வடிந்துகொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், அவள் தலையணைமேல் ஒரு பழந்துணியை மடித்துப் போட்டுப் படுப்பாள், காலையில் அதில் தேன்கலரில் ஒரு வட்டம் இருக்கும், அதை யாரும் எழுவதற்கு முன் அலசிக் கொடியில் போட்டுவிடுவாள். மழைக்காலத்தில் செத்த எலியின் வாடை. அவள் அருமையானவள், சமையலில் கைப்பக்குவம் உண்டு, கணக்கில் என்னைவிடக் கெட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசும் விதத்தை அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்கவைப்பாள், ஆனால் அவள் என் பக்கம் திரும்பினால் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. முகத்தை மட்டும் சுளிக்காமல் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

பங்குனியில் ஒரு மதியம் குழி ஓரத்துக்குப் போனேன்.

"யாருக்குங்கய்யா?" என்று தீர்த்தமலை கேட்டான்.

"வீட்டுக்கு. காது."

"எந்தக் காதுங்க?"

"இடது."

அவன் தலையை இலேசாகச் சாய்த்துக்கொண்டான், இடம் பண்ணிக் கொடுப்பது போல. நான் ஆஸ் வெளியே என்றேன். நாலாவது சீட்டில் முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நவநீதம் அடுப்படியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். "உலை கொதிக்கிற சத்தம் ரெண்டு பக்கமும் கேக்குதுங்க" என்றாள். எதிர்வீட்டுக் குழந்தை அழுவது, பல்லி கத்துவது, சேலை உராய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஆலை ஆஸ்பத்திரி எண்ணெய்தான் வேலை செய்திருக்கிறது என்று நான் சொன்னேன். ஒன்பது நாள் நான் அவள் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஒன்பது நாள் நான் சுகமாக இருந்தேன், அதை மறைத்துச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது.

பத்தாம் நாள் நான் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போக, அவள் எடுத்துக்கொண்டு யார்டுக்கு வந்தாள். குழியைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே நின்றுவிட்டாள். தீர்த்தமலையின் இடது காதில் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவன் உடம்பிலிருந்து நூறு நாற்றம் வந்துகொண்டிருந்தது, அந்த நூறில் ஒன்றை அவள் தனியாகப் பிரித்து எடுத்தாள். தூக்கை என் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"அது என்னோடது" என்றாள். 

"எது?"

"அந்த ஆளு காதுல இருக்கிறது. இருவத்தாறு வருஷமா என் தலகாணியில இருந்த வாடை. எனக்குத் தெரியாதா?"

"ஊரே ஆடுது, நவநீதம். நீ ஒருத்தி..."

"ஊரு ஆடட்டும். என்னைக் கேட்டீங்களா?"

"உனக்கே தெரியும், எவ்வளவு நாறிக்கிட்டு..."

"எனக்கு நாறல. உங்களுக்கு நாறுச்சு."

மறுநாள் அவள் குழி ஓரத்தில் போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தீர்த்தமலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆறடி தள்ளி அல்ல, முழங்காலுக்கு முழங்கால். வண்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். பெண்பிள்ளை ஆடக் கூடாது என்று தீர்மானம் இருக்கிறது என்றார் வையாபுரி.

"கொடுக்கத்தானே தீர்மானம் போட்டீங்க? நான் வாங்க வந்திருக்கேன். வாங்கறதுக்கு எதாவது எழுதியிருக்கா, அண்ணே? எழுதினவர் அங்க ஜன்னல்ல இருக்காரு, கேட்டுட்டு வாங்க."

வாங்குவதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அப்படி ஒருவர் வருவார் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

வாங்க வேண்டுமானால் அவள் தோற்க வேண்டும். அவளோ ஜெயித்தாள். ராஜா வெளியே என்றாள், வெளியே விழுந்தது, அவளுடைய குதிகால் வெடிப்பு மூடிக்கொண்டு தீர்த்தமலையின் குதிகால் பிளந்தது. ஜாக்கி உள்ளே என்றாள், அவளுடைய ஒற்றைத் தலைவலி அவனுக்குப் போய் அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆறு வெளியே என்றாள், அடுப்புச் சூட்டுத் தழும்பு போயிற்று. மூன்று நாள் மதியம் தோறும் அவள் தோற்க ஆடினாள், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தாள், ஜெயிக்க ஜெயிக்க அவள் தோல் மெருகேறி முடி கறுத்துப் பல் வெளுத்து, மூன்றாம் நாள் கடைசியில் தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி உட்கார்ந்துகொண்டு, எதிரே தன்னால் இன்னும் அழுகிப்போனவனைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எடைக்காரர் சம்சாரத்துக்கு இந்த வயதில் என்ன களை பாருங்கள் என்று ஒருவர் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"விடுங்கம்மா" என்றான் தீர்த்தமலை. வாய்ப்புண்ணால் அவனுக்கு உதடு சரியாகப் பிரியவில்லை. "நான் இதுல ஜெயிச்சதே இல்லீங்க."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ எப்பவாவது சீட்டுச் சொல்லியிருக்கியா?"

"நான் போடறவங்கம்மா."

"அதைக் கேக்கல. சொல்லியிருக்கியா?"

அவன் யோசித்தான். பீடிக்கு ஆடிய நாட்களையெல்லாம் யோசித்தான் போலிருக்கிறது, அவ்வளவு நேரம் ஆயிற்று. "இல்லீங்க."

"கட்டை இப்படிக் கொடு. இன்னிக்கு நான் போடறேன். நீ சொல்லு."

"ஏம்மா, அது வழக்கம் இல்லியே" என்று நாலு பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். ஞானவடிவேல், "ஏற்றுக்கூலி சீட்டுச் சொன்னா அப்புறம் வண்டி யாரு ஓட்டறது?" என்று கேட்டார், அதற்குச் சிலர் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிசுபிசுத்த கட்டைத் தன் முந்தானையால் துடைத்துக் கலைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தீர்த்தமலைக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. கடையில் பெரிய மனிதர்களுக்கு நடுவே என்ன வேண்டும் என்று திடீரெனக் கேட்கப்பட்டவன் மாதிரி அவளையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒம்போதுங்க" என்றான்.

"உள்ளேயா, வெளியேயா?"

"...வெளியேங்க."

அவள் போட்டாள். உள்ளே மூன்று, வெளியே ராணி, உள்ளே ஆஸ், வெளியே ஒன்பது.

அவனுடைய காதிலிருந்த ஈக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அவள் காதுக்கு வந்தன. அவள் தலையைச் சாய்த்து உள்ளங்கையால் காதைத் தட்டினாள், நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது போல. "வந்துடுச்சு" என்றாள். பிறகு தன்னுடையதை மட்டும், குதிகால், தலைவலி, தழும்பு என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னான், ஒவ்வொரு தடவையும் அவன் சொன்ன பக்கத்தில் விழுந்தது. எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"சொல்ல விட்டா ஜெயிக்கிறான். அவங்கவங்க வந்து உக்காந்து அவங்கவங்களோடத வாங்கிக்கங்க. ரொம்ப நேரம் ஆகாது, சின்ன ஆட்டம்தான்."

மூன்று நாள் நீளமுள்ள வரிசை அந்த நிமிஷம் நகர வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும், நகர்ந்துவிட்டது. அத்தனை பேரும் மாட்டை அதட்டிக்கொண்டு அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். குழி ஓரத்தில் ஒருவரும் இல்லை. ஜன்னலுக்குள் நான் இருந்தேன், அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாக எடை போட்டேன்.

மறுநாளே சங்கம் கூடியது. சூதாட்டம் எவ்வளவு பெரிய கேடு என்பதைப் பற்றி ஞானவடிவேல் பளிங்கு மாதிரி இருந்த இரண்டு கண்ணும் கலங்கப் பேசினார். குடி கெடுகிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், பெண்கள் தரையில் உட்காருகிறார்கள். யார்டில் இனிச் சீட்டு எடுக்கக் கூடாது, இருக்கிற கட்டைப் பாய்லரில் போட வேண்டும், நோயாளியான அந்த மலைக்காரனைச் சுகாதாரத்தை முன்னிட்டு அவன் ஊருக்கே அனுப்பிவிட வேண்டும். தலைமை ஆசிரியர் வழிமொழிந்தார், வாய் கமகமத்தது. கொடுத்ததெல்லாம் கொடுத்தபடியே இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது. "இங்கே சீட்டாடக் கூடாது" என்று பலகை எழுதும் வேலை எனக்கு. கட்டைப் பாய்லரில் போடும் வேலையும் எனக்கு.

காலிச் சாக்கு ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் போகும் லாரியில் அவனை ஏற்றுவதற்கு முன், பகல் பன்னிரண்டு மணிக்கு, அவன் எடை ஜன்னலுக்கு வந்தான். ஆறடி தள்ளித்தான் நின்றான், அது அவனுக்கே பழகிவிட்டிருந்தது.

"ஐயா, கட்டு உங்ககிட்டதான் இருக்குன்னாங்க."

"ஆமா."

"ஒரே ஒரு ஆட்டங்கய்யா. இந்தக் கண்ணை மட்டும் யாராவது வாங்கிக்கிட்டா போதும். மத்தது இருக்கட்டும். பீளை ஒட்டிக்கிது, மலையில ஒத்தையடிப் பாதை தெரியாது."

"அது தலைவரோட கண்ணுடா" என்றேன். "நான் எப்படி வாங்கறது?"

"சரிங்க" என்றான்.

நான் போய்க் கட்டைப் பாய்லரில் போட்டேன். ஈரச் சீட்டு, பற்றிக்கொள்ள நேரமாயிற்று, இறைச்சி கருகுகிற வாடை வந்தது, பாய்லர் ஆள் எட்டிப் போய் வாந்தி எடுத்தான்.

சாயங்காலம் நவநீதம் கேட்டாள், "போறப்ப அந்த ஆளு எதாவது கேட்டானா?"

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் புதிதாக ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டு மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். யார்டை விட்டு வெளியே, அதுவும் வேறு சீட்டுக்கட்டில் அது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தி மசங்கும் நேரத்தில் திரும்பி வந்தாள். வலது கண் இமைகள் ஒட்டிக்கொண்டு இடுக்கில் மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது.

"எந்தக் கட்டானாலும் ஆகுது" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கேட்டானாமே" என்றாள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனாள். முதலில் அவன் சொல்ல மாட்டேன் என்று முரண்டு பிடித்தானாம், அவன் அம்மாதான் விளக்குமாற்றை எடுத்து மிரட்டிச் சொல்ல வைத்தாளாம், அதை மட்டும் அந்த அம்மாவின் குரலிலேயே பேசிக் காட்டினாள். ஒரு ஞாயிறு பிடரியில் கட்டியோடு வந்தாள். ஒரு ஞாயிறு சொறி, ஒரு ஞாயிறு வாய். மற்றவர்களும் கொஞ்சம் வாங்கட்டுமே என்று நான் சொன்னபோது, "வாங்க மாட்டாங்க. யாராவது ஒருத்தர் வாங்கணும்ல" என்றாள். கடைத்தெருவில் அவள் நடந்து போனால் ஒவ்வொருவரும் தங்களுடையதை அவள் மேல் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவள் கழுத்தைப் பார்த்த வையாபுரியின் கை தானாகத் தன் பிடரிக்குப் போயிற்று, அவள் கண்ணைப் பார்த்த ஞானவடிவேல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார், தலைமை ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போனார். அது என்னுடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. சம்சாரத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாதா, ஊர் பேர் கெடுகிறதே என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் முகம் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது, அந்த முகங்களைப் பார்க்கும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வரும், அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து, "முடிஞ்சுது" என்றாள். தீர்த்தமலை பஸ் வரைக்கும் கூட வந்தானாம், உடம்பில் ஒரு புள்ளி இல்லையாம், நல்ல பிள்ளை, நல்ல கறுப்பு என்றாள். அவளால் சாயவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அடுத்த தை மாதம் போய்விட்டாள். குளிப்பாட்ட ஊரில் ஒரு பெண் வரவில்லை, நான்தான் செய்தேன். எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது, உடம்பில் ஒரு மரு கிடையாது.

அவள் போவதற்கு நாலைந்து நாள் முன்பு, ஒரு காலை நேரத்தில், வெயில் நன்றாக உள்ளே விழுந்திருந்தபோது, அவளுடைய அந்தச் சீட்டுக்கட்டை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கலைத்தேன்.

"நீ சொல்லு, நவநீதம். நான் போடறேன்."

"எதுக்கு?"

"எதையாவது சொல்லேன். அந்தக் காதைக் குடு. இல்ல, கண்ணைக் குடு. எல்லாத்தையும்கூடக் குடு. நான் தோத்துக்கறேன்."

அவள் திறந்திருந்த ஒரு கண்ணால் என்னை வெகு நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. நான் வாங்கி வந்த கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "உங்ககிட்டக் குடுத்தா, நீங்க அதைக் கொண்டுபோய் வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்துடுவீங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு சீட்டுகளை அடுக்கி அலமாரியில் திரும்ப வைத்தேன்.